“புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள்

கொருக்குப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் ஏழு பேருக்கு மேஸ்திரி நான். வேலை சொல்லிவிட்டு “புரிஞ்சுதா?” என்பேன். “புரிஞ்சிதுணா” என்பார்கள். பார்த்தால் 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டை 24-க்குக் கடைந்து வைத்திருப்பார்கள். கடைந்த இரும்பை ஒட்டவா முடியும்?

இப்போது கேள்வியை மாற்றிவிட்டேன்: “நான் என்ன சொன்னேன், சொல்லு பார்ப்போம்.” விமானிகளும் கட்டுப்பாட்டு அறை சொல்வதை இப்படித்தான் திருப்பிச் சொல்கிறார்கள். பையன் சொல்லும்போதே என் ஓட்டை தெரிந்துவிடும். பாதி நாள் அளவை மனதுக்குள்தான் சொல்லியிருக்கிறேன்!

இன்னொன்று. சனிக்கிழமை கூலி கொடுத்த பிறகு (முன்னால் கேட்டால் உண்மை வராது), டீ குடிக்கையில் தனித்தனியாகக் கேளுங்கள்: “இந்த வாரம் உன் வேலைக்கு நான் எங்கே குறுக்கே நின்னேன்?” கேட்டதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கஷ்டம் அதுதான். நமக்குத் தெரியாமல் மற்றவர்களுக்கு மட்டும் தெரிகிற நம் குணத்தை, 1955-இல் லஃப்ட், இங்காம் என்ற இரண்டு உளவியலாளர்கள் ‘ஜோஹரி சாளரம்’ என்ற கட்டத்தில் தனிப் பகுதியாகவே போட்டுக் காட்டினார்கள்.

என் பகுதியைக் காட்டியது, இருப்பதிலேயே சின்னப் பையன்: “நீங்க போன் பேசிக்கினே வேலை சொல்றீங்கணா.”