முதியோருக்கான சமநிலைப் பயிற்சி: பிடிமானத்திலிருந்து தொடங்கும் முறை

நாம் தடுமாறாமல் நிற்பதற்குக் கண்களும், உட்காதும், பாதங்களிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் மூளைக்குச் செல்லும் உணர்வுகளும், சட்டெனச் சுதாரிக்கும் கால் தசைகளும் சேர்ந்து உழைக்க வேண்டும். வயது ஏற ஏற இவை தளர்ந்தாலும், பயிற்சியால் மீட்கக்கூடியது நிறையவே இருக்கிறது. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 3 நாள்களாவது சமநிலையையும் வலிமையையும் வளர்க்கும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை.

கடந்த ஓராண்டில் ஒரு முறையேனும் விழுந்தவர்களும், எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வருபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

முன்னேற்பாடு: சக்கரமில்லாத, உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிடித்துக்கொள்ள, நகராத கனமான மேசை அருகில் இருக்கட்டும். வழுக்காத காலணி அணியுங்கள். முதல் சில வாரங்களில் வீட்டில் வேறொருவர் இருப்பது நல்லது.

படி 1: உட்கார்ந்து எழுதல். ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் உண்டு என்றால், நான் இதையே செய்யச் சொல்வேன். நாற்காலியின் முன்பகுதிக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே ஊன்றி, உடலை முன்னே சாய்த்து எழுந்திருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மனத்துக்குள் மூன்று எண்ணியபடி மெதுவாக இறங்குங்கள். தொடைத் தசை வலுப்பெறுவதில் இந்த இறக்கத்துக்கும் பெரும் பங்கு உண்டு. தேவைப்பட்டால் கைகளை ஊன்றலாம். 5 முறையில் தொடங்கி 10 வரை உயர்த்துங்கள்.

படி 2: குதிகால் உயர்த்தல். மேசையைப் பிடித்து நின்று, முன்பாதத்தில் எழும்பி மெதுவாக இறங்குங்கள். 10 முறை போதும்.

படி 3: நிற்கும் பயிற்சி. முதலில் பாதங்களை ஒட்டி வைத்து 10 விநாடி நில்லுங்கள். அது எளிதானதும் ஒரு பாதத்தை அரைப் பாத அளவு முன்னே நகர்த்தி நில்லுங்கள். அதன் பிறகு ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரல்களைத் தொடும்படி நேர்கோட்டில் நில்லுங்கள். ஒவ்வொரு நிலையையும் கால்களை மாற்றியும் செய்ய வேண்டும். இந்த மூன்றாம் நிலையில் எதையும் பிடிக்காமல் 10 விநாடி நிற்க முடிந்த பிறகே ஒற்றைக் காலில் நிற்க முயலுங்கள்.

பிடியை விடுவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். மேசையைப் பிடித்துக்கொள்வதில் வெட்கப்பட எதுவுமில்லை. இரு கைகள், பிறகு ஒரு கை, பிறகு இரண்டு விரல்கள், கடைசியில் மேசைக்கு மேலே தொடாமல் நிற்கும் கை என்று, ஒவ்வொரு கட்டத்திலும் உடல் நிதானப்பட்ட பிறகு அடுத்ததற்குச் செல்லுங்கள். கணுக்கால் இலேசாக ஆடுவது இயல்பு. அந்த ஆட்டத்தைச் சரிசெய்யும்போதுதான் உடல் கற்றுக்கொள்கிறது. ஆனால் பிடியை எட்டிப் பற்ற வேண்டிய அளவுக்குத் தடுமாறினால் முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள். நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே உட்கார்ந்துவிடுங்கள். அன்று மீண்டும் தொடர வேண்டாம்.