வண்டு வயலிலிருந்தே வருகிறது: நெல், பயறு சேமிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்து, தரிசில் தெளித்த உளுந்தும் பச்சைப்பயறும் பங்குனி, சித்திரைக்குள் டெல்டாவில் வீடு வந்து சேர்ந்துவிடும். விற்றது போக வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் என்று இரண்டு மூன்று மூட்டை கட்டிப் போடுவோம். ஆனி, ஆடியில் ஒருநாள் சாக்கைப் புரட்டினால் அடியில் மாவாக உதிர்ந்து கிடக்கும், தைத்த வாயோரம் பழுப்பு நிறத்தில் வண்டுகள் ஊரும். உடனே "உளுந்துல வண்டு விழுந்துடுச்சு, என்ன மருந்து போடலாம்?" என்று கேட்கிறோம். அந்த நேரத்தில் அந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் கிடையாது. வண்டு பங்குனியிலேயே வந்துவிட்டது, நாம்தான் அதையும் சேர்த்து மூட்டை கட்டியிருக்கிறோம்.

பயறு வண்டு செய்கிற வேலையைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். செடியில் காய் முற்றிக் காயத் தொடங்கும்போதே தாய் வண்டு வந்து நெற்றின் மேல் முட்டை வைத்துவிடுகிறது. புழு துளைத்துக்கொண்டு பயறுக்குள் போய்விடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடித்துத் தூற்றி மூட்டை கட்டியதும் உள்ளேயிருந்து வண்டாக வெளியே வந்து, இந்த முறை நேராகப் பயறின் மேலேயே முட்டையை ஒட்டுகிறது. கறுப்பு உளுந்தை உள்ளங்கையில் பரப்பி வெளிச்சத்தில் பாருங்கள், சுண்ணாம்புத் துளி தெறித்தது போல வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது முட்டை, நகத்தால் சுரண்டினால்கூட லேசில் வராது. நம் வெயில் காலத்தில் மூன்று நான்கு வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். ஒரு தாய் வண்டு 80, 100 முட்டை வரை வைக்கும் என்றால் சித்திரையில் நாலே நாலு வண்டு இருந்த மூட்டை ஆடியில் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அதனால் முதல் தவறு வயலிலேயே நடக்கிறது, முற்றிய நெற்றைப் பறிக்காமல் விட்டு வைப்பது. ஆள் கிடைக்கவில்லை, எல்லாம் ஒன்றாகக் காயட்டும் என்று பத்து நாள் தள்ளிப் போட்டால் அந்தப் பத்து நாளும் வண்டுக்குத்தான் வசதி. ஆள் பற்றாக்குறை எனக்கும் தெரியும், ஆனால் விதைக்கு வேண்டிய அளவையாவது முதலில் பறித்துத் தனியாக அடித்துக் காயவைத்துவிட முடியும்.

வண்டைப் பார்த்ததும் மூட்டையை அவிழ்த்து முற்றத்தில் வெயிலில் கொட்டுவது அடுத்த தவறு. வெயிலில் போட்டதும் வண்டு ஓடிவிட்டது என்று நிம்மதியாகி விடுகிறோம். ஓடிய வண்டு பக்கத்து மூட்டைக்குத்தான் போகும், பயறுக்குள் இருக்கும் புழுவுக்கு அந்த இளஞ்சூடு ஒன்றும் செய்யாது. உள்ளே இருப்பது சாக வேண்டுமானால் சூடு 55, 60 டிகிரிக்குப் போக வேண்டும். கறுப்புத் தார்ப்பாயில் பயறை மெல்லிசாகப் பரப்பி, மேலே கண்ணாடி போலத் தெரிகிற பாலிதீன் தாளால் மூடி, ஓரம் முழுக்கக் காற்றுப் போகாமல் கல்லோ மணலோ வைத்து, உச்சி வெயிலில் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டால் அந்தச் சூடு வந்துவிடும். சமையலுக்கு வைத்திருக்கும் பயறுக்கு இது தாராளமாகச் செய்யலாம். விதையாக இருந்தால் கொஞ்சத்தில் செய்து முளைக்கிறதா என்று பார்த்துவிட்டு மிச்சத்தைச் செய்யுங்கள்.

சரி, நெல்லுக்கு வருவோம். கையால் அறுத்த காலத்தில் அரி வயலில் கிடந்து காயும், கட்டு கட்டிக் களத்துக்கு வந்து போரில் கிடக்கும், அடிப்பதற்குள் ஈரம் பாதி போயிருக்கும். இப்போது இயந்திரம் அறுத்த கையோடு நெல் டிராக்டர் பெட்டியில் விழுகிறது, 20 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு. அதை அப்படியே குவித்துத் தார்ப்பாயால் மூடி இரண்டு ராத்திரி வைத்தால் குவியலுக்குள் கையை விட முடியாத அளவுக்குச் சூடேறும், ஏனென்றால் ஈர நெல் மூச்சு விடுகிறது, அந்த மூச்சுதான் சூடு. அரிசி பழுப்படிப்பது அங்கேதான், குறுவை அறுவடையில் மழையும் சேர்ந்துகொண்டால் முளையே விட்டுவிடும். உடனே காயவைக்க வழியில்லாவிட்டால் குவிக்காமல் பரப்பியாவது போடுங்கள், மழை இல்லாத நேரத்தில் தார்ப்பாயை எடுத்துவிட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள்.

கொள்முதல் நிலையத்தில் எடுத்துக்கொண்டார்கள், அதனால் மிச்ச நெல்லும் காய்ந்ததுதான் என்று நினைப்பது நிறைய பேர் செய்கிற தவறு. அங்கே கேட்கிற 17 சதவீதம் என்பது வாங்குவதற்கான வரம்பு, மழைக்காலத்தில் அதையும் தளர்த்துகிறார்கள். வீட்டில் எட்டு மாதம் இருக்க வேண்டிய நெல்லுக்கு அது ஆகாது. நெல்லுக்கு 12, 13 சதவீதம், மக்காச்சோளத்துக்கு 12, பயறு வகைக்கு 9, 10, தோலோடு இருக்கும் நிலக்கடலைக்கு 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரமானி இல்லாதவர்கள் பல்லில் கடித்து 'கடக்' என்று உடைகிறதா என்று பார்ப்போம், அது பழகிய பல்லுக்குச் சரியாகவே சொல்லும். இன்னொரு வழி உப்பு. ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் கால் பாகம் தானியம் போட்டு, நன்றாகக் காய்ந்த தூள் உப்பு இரண்டு மூன்று ஸ்பூன் சேர்த்து, மூடி ஒரு நிமிடம் குலுக்கிவிட்டுக் கால் மணி நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. ஒட்டாவிட்டால் 15-க்குக் கீழே என்று மட்டும்தான் அர்த்தம், நெல்லானால் இன்னும் ஒருநாள் வெயில், பயறானால் அதற்கும் மேல்.

காயவைப்பதிலும் அவசரம் கூடாது. தார் ரோட்டில் பரப்பி ஒரே நாளில் முறுகக் காயவைத்த நெல், அரைக்கும்போது பாதி நொய்யாகப் போகும், உமிக்குள் அரிசி விரிசல் விட்டிருக்கும். ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் அது ஆபத்து. இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, அரை மணிக்கு ஒருதரம் காலால் துழாவிவிட்டு, உச்சி வெயிலில் கொஞ்ச நேரம் கூட்டி வைத்து, இரண்டு மூன்று நாளாகக் காயவைப்பதுதான் சரி.

இனி நான் எல்லாரிடமும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும் ஒன்று: சூட்டோடு மூட்டை பிடிக்காதீர்கள். நாலு மணிக்கு வெயில் இருக்கும்போதே ஆட்களை அனுப்ப வேண்டும் என்று தானியத்தைச் சுடச்சுடச் சாக்கில் கொட்டித் தைத்துவிடுகிறோம். ராத்திரி வெளியே குளிர்கிறது, மூட்டையின் நடுவில் சூடு அப்படியே இருக்கிறது, நடுவிலிருக்கும் ஈரம் ஆவியாகி மேல்பக்கம் வந்து குளிர்ந்து படிகிறது. நன்றாகக் காயவைத்த தானியத்தில் மேல் அடுக்கு மட்டும் பூஞ்சணம் பிடித்து, முக்கின வாடை வீசுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சாயங்காலம் நிழலில் பரப்பி ஆறவிட்டு அப்புறம் கட்டுங்கள். பனி பெய்கிற தை மாதத்தில் வெளியே விட்டுவிடாமல் திண்ணையிலோ கூடத்திலோ ஆறவிட வேண்டும்.

பூஞ்சணத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் பச்சை, மஞ்சள் நிறத்தில் பூஞ்சணம் தெரிந்தால் அதைத் துடைத்துக் கழுவி வறுத்துச் சாப்பிடக் கூடாது. அந்தப் பூஞ்சணம் விடுகிற அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு நம் அடுப்புச் சூட்டில் அழியாது. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லையோர மாவட்டங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் ஈரல் கெட்டு இறந்தார்கள், 2004-ல் கென்யாவில் இதே மக்காச்சோளத்தால் 125 பேர். மனிதர் சாப்பிடாததை மாட்டுக்குப் போடலாம் என்பதும் தவறு, நஞ்சு பாலில் இறங்கும். கோழியும் வாத்தும் இதற்கு இன்னும் சீக்கிரம் விழும். பெரம்பலூர், அரியலூர் பக்கம் மக்காச்சோளம் வைத்திருப்பவர்கள் கருதைக் காயவைத்த பிறகே உதிர்க்க வேண்டும், ஈரத்தில் உதிர்த்தால் மணி அடிபடும், அடிபட்ட மணியில்தான் பூஞ்சணம் முதலில் ஏறுகிறது.

அடிபட்ட மணி என்றதும் தூற்றுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நொய், தூசி, உடைந்த மணி எல்லாம் இருந்தால் இருக்கட்டும், பிறகு புடைத்துக்கொள்ளலாம் என்று விடுகிறோம். சிவப்பு மாவு வண்டால் முழு மணியைக் கடிக்க முடியாது, உடைசலையும் மாவையும் தின்றுதான் பெருகும். தூற்றிச் சலித்து வைத்தாலே அந்த ஒரு பூச்சி பெரும்பாலும் போய்விடும். இதே காரணத்துக்காகத்தான் அரிசியாக அரைத்து வைப்பதைவிட நெல்லாகவே வைப்பது நல்லது, உமி ஒரு காப்பு. பயறில் இது நேர்மாறு. பயறு வண்டுக்கு முழுப் பயறுதான் வேண்டும், உடைத்த பருப்பில் அது பெருகாது. எனவே விதைக்கு வேண்டியதை மட்டும் முழுசாக வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு உள்ளதைப் பருப்பாக உடைத்துவிடுவது எனக்குத் தெரிந்து மிக எளிய பாதுகாப்பு.

பழைய சாக்கை உதறிவிட்டு அப்படியே புது தானியத்தைக் கொட்டுவது, போன வருஷ மிச்சத்தைப் புதிதோடு கலப்பது, உர மூட்டைச் சாக்கில் உணவு தானியம் கட்டுவது, மூட்டையை வெறும் தரையில் சுவரோடு சாய்த்து வைப்பது, இவற்றை விளக்கத் தேவையில்லை. சாக்கைக் கொதிநீரில் முக்கி முறுகக் காயவையுங்கள், கீழே பலகையோ மூங்கில் தட்டியோ போடுங்கள், சுவருக்கும் மூட்டைக்கும் நடுவில் ஆள் நுழையும் இடம் விடுங்கள், எலி வந்தாலும் கண்ணில் படும்.

வேப்பிலை, நொச்சி போடுகிறவர்கள் பச்சையாகப் பறித்து உள்ளே திணிக்கிறார்கள். பச்சை இலையில் ஈரம் இருக்கிறது, அதைச் சுற்றியுள்ள தானியம்தான் முதலில் கெடும். நிழலில் சருகாக உலர்த்திப் போடுங்கள், அதையும் பக்கத்துணையாக மட்டும் நம்புங்கள். பயறுக்கு எண்ணெய் பூசுவது இதைவிட உறுதியானது, கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி சமையல் எண்ணெயோ விளக்கெண்ணெயோ போதும். மேலே ஊற்றிக் கிண்டிவிட்டால் பலன் இல்லை, உள்ளங்கையில் தேய்த்து ஒவ்வொரு மணியும் மினுங்க வேண்டும், எண்ணெய் முட்டையை மூச்சு முட்ட வைத்துக் கொல்கிறது. தெற்கே துவரைக்குச் செம்மண் கட்டுவது நல்ல முறை, மண் பூசிய பின் மறுபடி முழுக்கக் காயவைக்காமல் கொட்டி வைத்தால் மட்டும் கெடும்.

இப்போது மாத்திரை. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைத் துணியில் சுற்றி மூட்டைக்குள் போட்டு, அதே வீட்டில் பிள்ளைகளோடு படுத்துத் தூங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து வரும் பாஸ்பின் வாயு கதவிடுக்கு, ஓட்டு இடுக்கு வழியாக அடுத்த அறைக்கும் போகும், அந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. வீட்டில் வைத்துப் பயன்படுத்தச் சட்டமும் அனுமதிக்கவில்லை, அரசு நிறுவனங்களும் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களும் மேற்பார்வையோடு செய்ய வேண்டிய வேலை அது. சாக்கில் போட்டால் வாயு வெளியேறி வண்டும் முழுசாகச் சாகாது, தப்பியது அந்த மருந்துக்குப் பழகிவிடும். டைகுளோர்வாஸ் என்ற பூச்சிமருந்துக் கரைசலை யாராவது இன்னும் சிபாரிசு செய்தால் அது 2020 முடிவோடு நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது என்று சொல்லுங்கள்.

மருந்து இல்லாமல் வண்டைக் கொல்ல நல்ல வழி காற்றடைப்பு. உள்ளே இருக்கும் பூச்சியே ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுச் செத்துப்போகும். 1980களின் இறுதியில் கேமரூனில் தட்டைப்பயறு விவசாயிகளுக்காக அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தினர் இப்படித்தான் மூன்றடுக்குப் பையை உருவாக்கினார்கள், அங்கே தொல்லை கொடுத்ததும் நம் ஊர் பயறு வண்டின் இனம்தான். காற்றுப் புகாத பையோ இறுக்கமான மூடியுள்ள டிரம்மோ எதுவானாலும் கழுத்துவரை நிரப்ப வேண்டும், அரைகுறையாக நிரப்பினால் உள்ளே காற்று மிச்சமிருக்கும். வாரத்துக்கு ஒருமுறை ஒரு படி எடுக்கத் திறந்தால் புதுக் காற்று உள்ளே போய்விடும், அதனால் ஒரு பெரிய டிரம்முக்குப் பதில் மாதத்துக்கொன்றாகச் சிறு டின்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஈர தானியத்தைக் காற்றடைத்து வைத்தால் புளித்து நாறும், விதையானால் உயிரும் போய்விடும்.

சாக்கில்தான் வைக்க முடியும் என்றால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் குழாய்ப் பொறியை வாங்கிச் செருகி வையுங்கள். துளையிட்ட குழாய், காற்றைத் தேடி வரும் வண்டு துளை வழியாக உள்ளே விழுந்தால் ஏற முடியாது. நாம் கண்ணால் பார்க்கும் முன்பே அது காட்டிக் கொடுத்துவிடும்.

விதைக்கு வைத்ததை விதைக்கிற நாளில் அவிழ்த்துப் பார்ப்பது கடைசித் தவறு. இரண்டு வாரம் முன்னாலேயே மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் சேர்த்து 100 மணி எடுத்து ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து எண்ணுங்கள். நெல்லில் 80, உளுந்தில் 75 முளைக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் விதையளவைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்காமல் வேறு விதை தேடுங்கள், இரண்டு வாரம் கையில் இருந்தால் கிடைக்கும்.