எதை அம்பலம் ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது

"பிளஸ் டூ தேர்வு முடிவு நாளை அம்பலம்" என்று ஒரு பிரதி என்னிடம் திருத்த வந்தது. 'வெளியாகிறது' என்பதில் காரம் போதவில்லை என்று எழுதியவர் நினைத்திருக்க வேண்டும். தேர்வு முடிவை யாரும் மூடி மறைக்கவில்லையே! சொன்ன நாளில் வருவது வெளியாகும். ஒளித்து வைத்தது பிடிபட்டால்தான் அம்பலமாகும்.

அம்பலம் என்றால் ஊர் கூடும் பொது இடம். சிதம்பரத்தில் நடராசர் ஆடும் பொன்னம்பலமும், 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்ற பழமொழியில் வருவதும் இதே சொல்தான். மேலூர், சிவகங்கைப் பக்கம் ஊர்த் தலைவரையே அம்பலம், அம்பலக்காரர் என்பார்கள். நாலு சுவருக்குள் கிடந்ததை இழுத்துவந்து ஊர்ச்சபை நடுவில் போடுவதுதான் அம்பலப்படுத்துவது. அதனால் நல்ல காரியத்துக்கு இது ஒட்டவே ஒட்டாது. ஒருவர் பெயர் சொல்லாமல் பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்த விஷயம் பிறகு தெரியவருகிறது. அதை 'அவருடைய தர்மம் அம்பலமானது' என்று எழுதினால், பாராட்டப் போய்த் திட்டிவிட்டு வந்த கதைதான்.

இலக்கணத்தில் சறுக்கும் இடம் 'ஊழலை அம்பலமாகினார்'. ஊழல் அம்பலமாகும், ஒருவர் அதை அம்பலமாக்குவார், அல்லது அம்பலப்படுத்துவார். சம்பளத்திலிருந்து ளகரத்தைக் கடன் வாங்கி 'அம்பளம்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது வெறும் எழுத்துப்பிழை, விட்டுவிடலாம்.

விடக்கூடாத தவறு வேறு. யாரோ மேடையில் ஒரு புகாரைச் சொன்னதும் 'மோசடி அம்பலம்' என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சொல்லை எழுதியவுடனே மோசடி நடந்தது உண்மை என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிட்டோம். ஆதாரம் கையில் இல்லாதவரை 'குற்றம் சாட்டினார்' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் போகக்கூடாது.

அப்புறம், 'காட்டிக்கொடுத்தார்'. 2013-இல், அமெரிக்க உளவு அமைப்புக்காக வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்க அரசின் ரகசியக் கண்காணிப்பை அம்பலப்படுத்தினார் என்றால் தப்பு அரசின் மேல். நாட்டைக் காட்டிக்கொடுத்தார் என்றால் துரோகி ஸ்னோடன். செய்தது என்னவோ ஒரே காரியம்தான். எந்தப் பக்கமும் சாயாமல் எழுத வேண்டுமா, 'ஆவணங்களை வெளியிட்டார்' என்று எழுதுங்கள். தலைப்பு கொஞ்சம் சப்பென்று இருக்கும், அவ்வளவுதான்.