கல்விக்கடன் பாக்கியோடு கணவரிடம் போகும் பெண்கள் செய்யக்கூடாத தவறுகள்

தை முகூர்த்தங்கள் முடிந்து சில மாதங்களில், எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் புதுப்பெண்கள் அமெரிக்கா வந்து இறங்குவார்கள். ஊர்க்காரர்கள் மூலம் சிலர் எனக்குப் பழக்கமாவார்கள். இட்லி அரிசி எங்கே கிடைக்கும் என்று தொடங்கும் பேச்சு, மூன்றாவது முறை பேசும்போது குரல் தாழ்ந்து, "அக்கா, எனக்கு எஜுகேஷன் லோன் இன்னும் முடியல" என்று வந்து நிற்கும். 2016இல் நானும் அப்படித்தான் வந்தேன். எம்பிஏ படிக்க வாங்கிய 6 லட்சத்தில் நாலரை லட்சம் பாக்கி. நான் செய்த தவறுகளையே இவர்களும் செய்வதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

தவணையை மறக்காதீர்கள், செலவைக் குறையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

போனதும் வேலை கிடைக்கும் என்று கணக்குப் போடுவது

எச்-4 விசாவில் வந்தவுடன் வேலை பார்க்க முடியாது. கணவருக்காக அவர் நிறுவனம் கிரீன் கார்டுக்குப் போடும் ஐ-140 மனு ஏற்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அவருடைய எச்-1பி ஆறு ஆண்டு வரம்பைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இந்த வழியே 2015 மே மாதத்தில்தான் திறந்தது. விண்ணப்பித்த பிறகும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கணவர் இப்போதுதான் எச்-1பிக்கு மாறியிருக்கிறார் என்றால், உங்கள் சம்பளத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். தவணை கணவர் சம்பளத்திலிருந்துதான் போகும் என்று முதல் நாளே இருவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

பழைய சம்பளக் கணக்கை நம்பி விட்டுவிட்டுப் போவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கடன் கொடுத்தது சொந்த ஊர்க் கிளை. தவணை போனது சென்னையில் நான் வேலை பார்த்தபோது திறந்த சம்பளக் கணக்கிலிருந்து, அது வேறு வங்கி. மாதம் 9,800 ரூபாய், ஆட்டோ டெபிட். கிளம்பும்போது எட்டு மாதத் தவணைக்கு 80,000 ரூபாய் போட்டுவிட்டு நிம்மதியாக வந்துவிட்டேன்.

இங்கே வந்த பிறகு, வெளிநாட்டில் தங்கிவிட்டவர்கள் சாதாரண சேமிப்புக் கணக்கை வைத்திருக்கக் கூடாது, என்ஆர்ஓ (வெளிநாடு வாழ் இந்தியருக்கான ரூபாய்க் கணக்கு) கணக்காக மாற்ற வேண்டும் என்று தெரிந்தது. ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. படிவத்தை நிரப்பி அனுப்பினோம். மாற்றியும் கொடுத்தார்கள். ஆனால் கணக்கு எண் மாறிவிட்டது. ஆட்டோ டெபிட்டுக்கு நான் கொடுத்திருந்த மேண்டேட், அதாவது தவணையைப் பிடித்துக்கொள்ளும் அனுமதி, பழைய எண்ணில் இருந்தது.

அடுத்த மாதத்திலிருந்து தவணை திரும்ப ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் அபராதம். குறுஞ்செய்திகள் போன சென்னை சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போயிருந்தது. கடிதங்கள் அப்பா காலி செய்துவிட்ட பழைய வாடகை வீட்டுக்குப் போயின. நான் அவ்வப்போது கணக்கில் பணம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். பணம் இருந்தது. அதுதான் கொடுமை.

தவணை 90 நாளைத் தாண்டி நிலுவையில் நின்றால் கடன் வாராக்கடன் ஆகிவிடும். என்னுடையதும் ஆனது. கடனில் அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்ததால் கடன் கட்டும் ஒழுங்கைக் காட்டும் அவருடைய சிபில் ஸ்கோரும் விழுந்தது. தம்பி அப்பாவைச் சேர்த்துக்கொண்டு வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்து, அது மறுக்கப்பட்டபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரியும். நிலுவையை ஒரே வாரத்தில் கட்டினேன். தம்பி கொடுத்திருந்த ஒரு லட்சம் முன்பணம் திரும்பி வரவில்லை. 35 வருடம் யாரிடமும் கைநீட்டாத அப்பாவின் பெயர் என்னால் கெட்டது.

சரி, என்ன செய்ய வேண்டும்? கிளம்பும் முன் கடன் கொடுத்த கிளைக்கு நேரில் போய், வெளிநாடு போவதை எழுத்தில் கொடுங்கள். மின்னஞ்சலையும் வீட்டின் இப்போதைய முகவரியையும் பதியச் சொல்லுங்கள். ஓடிபி வரும் இந்திய எண்ணை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள். 90 நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்ட் எண்ணைத் துண்டித்துவிடலாம். என்ஆர்ஓவாக மாற்றினால் எண் மாறுமா என்று முதலில் கேளுங்கள். மாறினால் அன்றே புது மேண்டேட். வெளிநாட்டுப் பணம் போட என்ஆர்ஈ கணக்கு திறந்தால் அதிலிருந்தும் தவணை கட்டலாம்.

அப்புறம், மாதாமாதம் பார்க்க வேண்டியது சேமிப்புக் கணக்கை அல்ல, கடன் கணக்கின் ஸ்டேட்மென்டை. தவணை அங்கே வரவாகியிருந்தால்தான் கட்டியதாக அர்த்தம்.

கல்யாணமானதும் இனிஷியலைக் கணவர் பெயருக்கு மாற்றுவது

கடன் முடியும்வரை பான் அட்டை, பாஸ்போர்ட், வங்கி மூன்றிலும் ஒரே பெயர் இருக்கட்டும்.

வரிச்சலுகைக்காகக் கடனை இழுப்பது

கட்டும் வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டு என்று சொல்லி, முன்கூட்டி அடைக்க வேண்டாம் என்பார்கள். அந்தக் கழிவு இந்தியாவில் வரி கட்டும் வருமானம் இருப்பவர்களுக்கு, அதுவும் பழைய வரிமுறையில், அதிகபட்சம் 8 ஆண்டுகளுக்கு மட்டுமே. இந்தியாவில் வருமானமே இல்லாத உங்களுக்கு அதனால் என்ன லாபம்? மாறும் வட்டியில் தனிநபர்கள் வாங்கிய கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014இலேயே சொல்லிவிட்டது. கையில் கொஞ்சம் சேர்ந்தாலும் அசலில் கட்டுங்கள்.

கிரெடிட் கார்டில் எடுத்துக் கட்டுவது

வேண்டவே வேண்டாம்.

கல்யாணத்துக்கு முன் சொல்லாமல் விடுவது

சம்பந்தம் தட்டிப்போய்விடும் என்று வீட்டில் பயப்படுவார்கள். என் வீட்டிலும் பயந்தார்கள். ஆனால் நிச்சயத்துக்கு முன் பாக்கி எவ்வளவு, தவணை எவ்வளவு என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்ட பெண்கள், இங்கே வந்து ஒளித்து ஒளித்துப் பணம் அனுப்பித் தவித்ததை நான் பார்த்ததில்லை. மூன்று மாதம் மறைத்துவிட்டுப் பிறகு சொன்னவள் நான். கடனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மறைத்ததைத்தான் கேட்டார்.

கடைசித் தவணையோடு விட்டுவிடுவது

கடன் முடிந்ததும் பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்குங்கள். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்திருந்தால், முழுதும் கட்டிய 30 நாளுக்குள் வங்கி அதைத் திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பரிலிருந்து விதி. பத்திரம் அப்பா பெயரில் இருந்தால் அவரே போய் வாங்கிவரட்டும். அதோடு ஒரு மாதம் கழித்து உங்களுடையது, அவருடையது இரண்டு சிபில் அறிக்கைகளையும் எடுத்து, கடன் முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.