ஐரோப்பிய வேலையின்மைக் கேள்விக்குப் பதில் எழுதும் விதம்

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் எம்.ஏ. பொருளாதாரப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ‘ஐரோப்பாவில் வேலையின்மை ஏன் இவ்வளவு காலம் அதிகமாக இருந்தது?’ என்ற கேள்வி வந்தாலே ‘எண்ணெய் விலை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, அரசு கொடுக்கும் உதவித்தொகையைத் திட்டத் தொடங்கிவிடுவார்கள். அது அரைப் பதில்.

முதலில் கேள்வியை உடையுங்கள். வேலையின்மை ஏன் ஏறியது? ஏறியது ஏன் இறங்கவில்லை?

ஏறிய கதையை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். 1960களில் மேற்கு ஐரோப்பாவில் அது 2, 3 சதவீதம்தான், அமெரிக்காவைவிடக் குறைவு. 1973, 1979இல் எண்ணெய் விலை திடீரென ஏறிய அதிர்ச்சிகள், தளர்ந்த உற்பத்தித்திறன் வளர்ச்சி, அப்புறம் பணவீக்கத்தை அடக்க உயர்த்திய வட்டி எல்லாம் சேர்ந்து 80களின் நடுவில் 10 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தின.

மார்க் இருப்பது இரண்டாவது கேள்வியில். 1986இல் எண்ணெய் விலை சரிந்தது, வேலையின்மை சரியவில்லை. பொருளாதார அறிஞர்கள் பிளான்சார்டும் சம்மர்ஸும் அதே ஆண்டு முன்வைத்த ‘ஹிஸ்டெரிசிஸ்’ வாதத்தை, அதாவது ஒருமுறை ஏறிய வேலையின்மை காரணம் போன பிறகும் தங்கிவிடும் என்பதை, இங்கே எழுதுங்கள். வேலையில் இருப்பவர்கள் தங்கள் வேலையை மனதில் வைத்துத்தான் கூலி பேசுவார்கள். வெளியே நிற்பவர் அந்தப் பேச்சில் இல்லை. எங்கள் பக்கம் இதைப் புரியவைக்க நோக்குகூலி ஒன்று போதும்: சரக்கை வேறு ஆள் இறக்கினாலும் யூனியன்காரர் கேட்ட காசு அது, 2018இல் கேரள அரசு தடை போட்டது. (பேப்பரில் இதை எழுதாதீர்கள்.) ஒரு வருடத்துக்கு மேல் வேலையில்லாதவரின் திறன் தேய்கிறது, முதலாளிகளும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள், வரிசையில் அவர் இருந்தும் கூலி இறங்குவதில்லை.

சரி, அதிர்ச்சி எல்லா நாட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதானே, விளைவு ஏன் வேறு? பிளான்சார்ட், வுல்ஃபர்ஸ் 2000இல் சொன்னது: அதிர்ச்சியும் நாட்டின் தொழிலாளர் விதிகளும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. உதாரணத்துக்கு ஸ்பெயினை எடுங்கள். 1984க்குப் பின் தற்காலிக ஒப்பந்தங்கள் பெருகின. நல்ல காலத்தில் சேர்ப்பதும் எளிது, கெட்ட காலத்தில் கழற்றிவிடுவதும் எளிது. வேலையின்மை 2007இல் 8 சதவீதம், 2013இல் 26. ஜெர்மனி 2005இல் 11 சதவீதத்தில் இருந்து 2019இல் 3க்கு இறங்கியது. அதை முழுவதும் 2000களின் தொடக்கத்தில் அங்கே கொண்டுவந்த ‘ஹார்ட்ஸ்’ தொழிலாளர் சந்தைச் சீர்திருத்தத்தின் கணக்கில் எழுதுவது சோம்பேறித்தனம். 90களிலேயே அங்கே கூலிப் பேச்சுவார்த்தை நிறுவன மட்டத்துக்கு இறங்கத் தொடங்கிவிட்டது, கூலி உயர்வும் கட்டுக்குள் வந்தது.

இன்னொன்று. 2013இல் ஸ்பெயினின் இளைஞர் வேலையின்மை விகிதம் 50 சதவீதத்தைத் தாண்டியது என்றால், இளைஞரில் பாதிப்பேர் வேலை கிடைக்காமல் நின்றார்கள் என்று எழுதிவிடாதீர்கள். வேலை தேடாமல் படித்துக்கொண்டிருப்பவர் அந்த விகிதக் கணக்கிலேயே வரமாட்டார்.