குளிர் நாட்டுத் தோட்டம்: கன்று சாவது குளிரால் மட்டுமல்ல

மே மாதம் அன்னையர் தினத்தை ஒட்டிக் கனடாக் கடைகளில் ஹைட்ரேஞ்சியா சாடிகள் வந்து நிறையும். தலை பெருத்த நீலப் பூக்கள், பார்த்தால் வாங்காமல் வர மனம் கேட்காது. பூ வாடியதும் வளவில் நடுகிறோம். மறு வருடம் இலை வருகிறது, பூ இல்லை. அதற்கடுத்த வருடமும் இலைதான். உரம் போடுகிறோம், அப்புறம் இன்னும் கொஞ்சம் போடுகிறோம். ரொறன்ரோவில் எங்கள் வளவில் நான்கு கோடைகள் இப்படியே போயின.

அந்தச் செடிக்கு உரம் குறையவில்லை. பெரிய இலை ஹைட்ரேஞ்சியா, அடுத்த வருடப் பூவுக்கான மொட்டை இந்த வருடக் கோடை முடியும்போதே பழைய கொம்பில் கட்டி வைத்துவிடும். தை, மாசிக் குளிரில் வேர் தப்பிவிடும், மொட்டு தப்பாது. தப்பும் ஒன்றிரண்டையும் ஐப்பசியில் வளவைத் துப்புரவாக்குகிறோம் என்று நாமே வெட்டி எறிகிறோம். இதில் இரண்டு வழி உண்டு. அந்தச் செடிதான் வேண்டும் என்றால் காய்ந்த கொம்புகளை வசந்தம் வரை தொடாதீர்கள். பூ உறுதியாக வேண்டும் என்றால் அன்னபெல், லைம்லைட் போன்ற வேறு ஹைட்ரேஞ்சியா வகைகளை வாங்குங்கள். அவை அந்த வருடம் முளைக்கும் புதுக் கொம்பில் பூப்பவை; குளிரில் நுனி கருகினாலும் கவலை இல்லை. லைலாக்கும் பழைய கொம்பில் பூப்பதுதான். பூ முடிந்த கையோடு, ஆனி மாதத்துக்குள் வெட்டிவிட வேண்டும்.

கன்றில் தொங்கும் சீட்டில் ‘வலயம் 5’ என்று இருந்தால் பலர் யோசிக்காமல் வாங்கிவிடுகிறார்கள். வலயம் என்பது குளிரின் கடுமைப்படி ஊர்களைப் பிரித்த எண்; எண் குறையக் குறையக் குளிர் கூடும். சீட்டிலுள்ள எண், செடி உயிர் பிழைக்குமா என்பதை மட்டும் சொல்கிறது. பூக்குமா என்பதைச் சொல்வதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த வலயங்களைக் காட்டும் அமெரிக்க வரைபடம் ஓர் இடத்தின் வருடாந்தக் கடுங்குளிரின் சராசரியை மட்டும் பார்க்கிறது. அதன்படி வலயம் 5 என்றால் மைனஸ் 29 முதல் மைனஸ் 23 பாகை செல்சியஸ் வரை. கனடாவின் வரைபடமோ மழை, காற்று, பனிப் போர்வை, உறைபனி இல்லாத நாட்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. ஒரே ஊருக்கு இரண்டிலும் வேறு வேறு எண் வரலாம். ஆகவே சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் எண்ணைவிட ஒன்று குறைவாக உள்ள கன்றை எடுங்கள்.

சாடியில் வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நிலத்தில் இருக்கும் வேரை மண் காப்பாற்றுகிறது. சாடியில் நாலாபுறமும் குளிர்காற்று. வெளியிலேயே விடப் போகிற சாடிக்கு இரண்டு எண் குறைத்து வாங்குவதுதான் இங்குள்ள தோட்டக்காரர்களின் வழக்கம்.

இப்போது நான் மிகவும் வருந்திப் பார்க்கும் தவறுக்கு வருகிறேன். தூயா என்ற பசுமை மாறாத மரத்தின் வேலி பங்குனியில் பழுப்பாகி நிற்பதை இந்த ஊரில் தெருவுக்குத் தெரு காணலாம். குளிர் தின்றுவிட்டது என்கிறோம். உண்மையில் பல மரங்கள் தாகத்தால் செத்தவை. பசுமை மாறாத மரங்களின் இலை, மார்கழி வெயிலிலும் காற்றிலும் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். கீழே மண் உறைந்து கிடப்பதால் வேர் ஒரு துளி நீரையும் ஏற்ற முடியாது. புரட்டாதியில் குழாயைச் சுருட்டி உள்ளே வைத்துவிடுவதுதான் பிழை. நிலம் உறையும் வரை, கார்த்திகை நடுப்பகுதி வரைகூட, மழை இல்லாத கிழமைகளில் ஆழமாகத் தண்ணீர் விட வேண்டும். அந்த வருடம் நட்ட கன்றுக்கு இது உயிர்ப் பிரச்சினை. தெருவில் உப்புப் போடும் இடமானால், அள்ளும் ஸ்னோவை வேலியின் அடியில் குவிக்காதீர்கள். உப்பில்லாத ஸ்னோ நல்லது, போர்வை மாதிரி வேரை மூடிக் காக்கும்.

ஆவணி முடிந்த பின் நைட்ரஜன் உரம் போடுவதும் கெடுதல்தான். பகல் குறையக் குறைய மரம் வளர்ச்சியை நிறுத்திக் கொம்பை முற்ற வைக்கும். அந்த நேரத்தில் உரம் கிடைத்தால் இளந்தளிர் விடும். முதல் உறைபனியில் அது அவித்த கீரைபோல் தொங்கும்.

வைக்கோலோ காய்ந்த இலையோ பரப்பி வேரைச் சூடாக வைக்க வேண்டும் என்று நினைத்து, பலர் இதமான நாட்களிலேயே தடிப்பாக மூடிவிடுகிறார்கள். எலிகள் அதற்குள் குடியேறிப் பட்டையைக் கடிக்கும். மண்ணின் மேற்பகுதி உறைந்த பிறகு மூடுங்கள். நோக்கம் சூடாக்குவது அல்ல, உறைந்ததை உறைந்தபடி வைத்திருப்பது. இளகி, உறைந்து, மறுபடி இளகும்போது மண் பொங்கிச் சிறு கன்றை வேரோடு மேலே தள்ளிவிடும். தண்டை ஒட்டிக் குவிக்காமல் நாலு விரல் தள்ளிப் பரப்புங்கள்.

ரோஜாவில் ஒன்று சொல்ல வேண்டும். கடையில் கிடைக்கும் பெரிய பூ ரோஜா பெரும்பாலும் ஒட்டுக்கன்று. ஒட்டுப் போட்ட முடிச்சை மண்ணுக்கு மேலே விட்டால் குளிரில் மேற்பகுதி சாகும். அடியிலிருக்கும் காட்டு வேர் துளிர்த்து, நீங்கள் வாங்காத சின்னப் பூவைக் காட்டும். முடிச்சு நிலமட்டத்துக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கீழே போக வேண்டும். பாடே படாமல் வளர்க்க விரும்பினால் எக்ஸ்ப்ளோரர் வகையைத் தேடுங்கள். கனடா விவசாயத் துறைக்காக ஃபெலிசிடாஸ் ஸ்வெஜ்டா ஒட்டாவாவில் உருவாக்கியவை. அவற்றில் 1983இல் வந்த வில்லியம் பாஃபின் என்ற ரோஜா வலயம் 3இலும் தாக்குப்பிடிக்கும்.

கறிவேப்பிலையை வெளியில் நடாதீர்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் உள்ளே கொண்டுவந்த பின் சாகடிப்பது அதிக தண்ணீர். இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்கும் முன் எடுத்து, தெற்கு யன்னலில் வையுங்கள். வெளிச்சம் குறைவதால் இலை கொட்டும். கொட்டுகிறதே என்று தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். திரும்ப வெளியே வைக்க, மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின விடுமுறை கழியட்டும். அதுவும் ஒரேயடியாக வெயிலில் வேண்டாம், ஒரு கிழமை நிழலில் பழக்கிய பிறகு.

செவ்வரத்தை இல்லாத முற்றம் நமக்கு முற்றமாகத் தெரிவதில்லை. வெப்ப நாட்டுச் செவ்வரத்தை இங்கே ஒரு கோடைதான். அதன் இனத்திலேயே குளிர் தாங்கும் ரோஸ் ஒஃப் ஷாரன் இருக்கிறது, ஆவணியில் கொம்பு நிறையப் பூக்கும். ஆனால் மற்ற எல்லாம் தளிர்த்த பிறகும் அது காய்ந்த குச்சியாகவே நிற்கும். மே நடுவில் பொறுமை இழந்து அதைப் பிடுங்கி எறிந்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். மண்வெட்டியை எடுக்க முன் கொம்பை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். தோலுக்குக் கீழே ஈரமான பச்சை தெரிந்தால், ஆனி மாதம் வரை அதை விட்டுவிடுங்கள்.