நோயாளியிடம் கேட்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பிரஷருக்கு மாத்திரை எடுக்கும் ஒரு அம்மா, வீட்டில் பார்த்த அளவுகளை எழுதிய நோட்டை என்னிடம் நீட்டினார். பதினான்கு நாள், பதினான்கு வரி, எல்லாமே 130/80, எல்லாமே ஒரே நீல மையில். முந்தின நாள் ராத்திரி மொத்தமாக எழுதியது என்று பார்த்ததுமே தெரிந்தது. "ஏம்மா இப்படி?" என்றேன். "கூட இருந்தா போன தடவை மாதிரி திட்டுவீங்கல்ல டாக்டர்." ஆமாம், போன தடவை திட்டியது நான்தான். அந்த நோட்டு பொய்யானதற்கு அவரைக் குறைசொல்ல முடியாது.

வலி எவ்வளவு, தூக்கம் எப்படி, மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்பதெல்லாம் எந்த ரத்தப் பரிசோதனையிலும் வராது, நோயாளி சொன்னால்தான் உண்டு. அதை நாம் கேட்கிற விதத்திலேயே கெடுத்துவிடுகிறோம்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "ஒண்ணு ரெண்டு நாள் எல்லாருக்கும் விட்டுப்போகும், போன வாரம் உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். எண்ணிக்கையோடு காரணமும் வரும். பஸ்ஸில் போகிற நாளில் பாத்ரூமுக்கு எங்கே போவது என்று நீர் மாத்திரையை விட்டுவிடுகிறவர்கள் நிறைய பேர். அது தெரியாமல் டோஸைக் கூட்டுவது பெரிய தவறு, நேரத்தை மாற்றிக் கொடுத்தாலே பலருக்குச் சரியாகிவிடும்.

அடுத்து, வார்த்தை. 'மயக்கம்' என்று ஒருவர் சொன்னால் தலைசுற்றலாக இருக்கலாம், கண் இருட்டியிருக்கலாம், நிஜமாகவே நினைவு தப்பி விழுந்திருக்கலாம், வெறும் அசதியாகவும் இருக்கலாம். படிவத்தில் 'மயக்கம்: ஆம்' என்று டிக் அடித்தால் ஒரு பயனும் இல்லை. அதேபோல 'மனச்சோர்வு உள்ளதா' என்றால் இல்லை என்பார்கள், "எதுலயாவது மனசு ஒட்டுதா?" என்றால் கண் கலங்கிவிடும்.

மனநலத்துக்கு உலகம் முழுக்கப் பயன்படும் பிஎச்க்யூ-9 படிவத்தில் கடைசி இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், மதிப்பெண் 0 முதல் 27 வரை, 10 அல்லது அதற்கு மேல் வந்தால் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். ஆனால் மொத்தத்தை மட்டும் பார்ப்பது ஆபத்து. ஒன்பதாவது கேள்வி தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்தம் 6-தான் என்று கட்டி வைத்த கட்டுக்குள் அந்த எண்ணம் வந்தது என்ற பதிலும் இருக்கலாம். அன்றைக்கே பார்க்க ஆள் இல்லையென்றால் அந்தப் படிவத்தைக் கையிலேயே கொடுக்காதீர்கள், அவர் கிளம்புவதற்குள் பேசிவிட வேண்டும். மனநல உதவிக்கான 14416 டெலிமானஸ் இலவச எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.

வரிசையில் நிற்பவர்களிடம் மட்டும் கேட்பது இன்னொரு தவறு. வர முடியாதவர்தான் அதிகம் கஷ்டப்படுகிறவர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போகிறார்கள், அங்கே கேட்கலாம். ஆனால் மாமியார் பக்கத்தில் இருக்கும்போது மருமகளிடம் கேட்டு வாங்கிய பதிலை நம்பாதீர்கள்.

'திருப்தியா?' என்ற கேள்வியும் 'உடம்பு தேறியதா?' என்ற கேள்வியும் வேறுவேறு. 2025-ல் வெளியான, ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 'பாரிஸ்' (PaRIS) என்ற நோயாளிகள் ஆய்வு 19 நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்டது. அப்புறம், வருகிற மதிப்பெண்ணை வைத்து நர்ஸைக் கண்டிக்க ஆரம்பித்தால், அடுத்த மாதம் எல்லாப் படிவமும் அந்த நீல மை நோட்டு மாதிரிதான் வரும்.

சரி, அந்த அம்மா விஷயம். ஏழு நாள், காலை மாலை, ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை பார்த்து, மெஷின் காட்டுவதை அப்படியே எழுதச் சொன்னேன். முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுக்க வேண்டும், வீட்டு அளவுக்கு வரம்பு 135/85, கிளினிக்கின் 140/90 அல்ல. கூட இருந்தால் மாத்திரையைத்தான் மாற்றுவேன், உங்களைத் திட்ட மாட்டேன் என்றும் சொன்னேன். அடுத்த நோட்டில் காலையில் 158, 162 என்று இருந்தது. ஒரு பக்க ஓரத்தில், "இன்னிக்கு மாத்திரை தீந்து போச்சு" என்று பென்சிலில் எழுதியிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களிடமும் கேட்டோம், மாதக் கடைசியில் பலருக்கு இரண்டு மூன்று நாள் மாத்திரை இல்லாமல் போவது தெரிந்தது. இப்போது 30 நாளுக்குப் பதில் 35 நாளுக்குக் கொடுக்கிறோம்.